அட்ரீனல் சுரப்பி தூங்கிவிட்டது என்கிறார் டாக்டர். அம்மாவுக்கு அது திரும்ப விழிக்குமா?

பெண்ணையாற்றங்கரை, கடலூர்
2024 டிசம்பர் 17

எல்லோருக்கும் வணக்கம். ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறிவிட்டது. அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனோம். போன ஐந்தாம் நாள் அம்மா காலையில் எழுந்து நிற்க முடியாமல் அப்படியே சரிந்தார். வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 80/50, சர்க்கரை 58. வெள்ளத் தண்ணீரால் வந்த வயிற்றுக்கோளாறு என்றுதான் நினைத்தோம்.

டாக்டர் அம்மாவின் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மூட்டுவலிக்கு ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். எட்டு மாதமாக ஒருவரிடம் பொடி வாங்கிச் சாப்பிட்டு வந்தார். பெயர் கிடையாது, லேபிள் கிடையாது, சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவார்கள். வெள்ளத்தில் அது நனைந்து வீணாகிவிட்டது, அதனால் நின்றுபோனது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும், அம்மாவின் அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிட்டது என்றார். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு, உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். நாலைந்து மணி நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறார். எனக்குப் புரியாதவை நிறைய. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி என்கிறார்கள், ஆனால் சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருக்கிறதே? ஸ்டீராய்டால் வந்த கோளாறுக்கு எதற்குத் திரும்பவும் ஸ்டீராய்டு? பக்கத்து வீட்டு அத்தை, மாத்திரையைத் தூக்கிப் போடு என்று தினமும் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பண்ருட்டி வாத்தியார்
2024 டிசம்பர் 17

அம்மா பிழைத்து வந்ததே பெரிய விஷயம். மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். மற்றதை விளக்கமாகச் சொல்கிறேன். முப்பது வருடம் உயிரியல் பாடம் எடுத்தவன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் உறவு. சிறுநீர் பிரிப்பதில் அதற்கு நேரடி வேலை இல்லை. வலப்பக்கம் இருப்பது முக்கோணமாகவும் இடப்பக்கம் இருப்பது பிறை மாதிரியும் இருக்கும். ஒவ்வொன்றும் 4, 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடை.

வகுப்பில் இதற்குப் பலாச்சுளையைத்தான் காட்டுவேன். சுளையைக் கிள்ளினால் வெளியே மஞ்சள் சதை, உள்ளே பழுப்புக் கொட்டை. அட்ரீனலை வெட்டினாலும் வெளியே மஞ்சளாகக் கார்டெக்ஸ், உள்ளே செம்பழுப்பாக மெடுல்லா. இரண்டும் ஒரே உறைக்குள் இருந்தாலும் பிறப்பு வேறு. கருவில் கார்டெக்ஸ் ஒரு திசுவிலிருந்து வருகிறது. மெடுல்லாவோ நரம்புகள் உருவாகும் திசுவிலிருந்து வருகிறது. அதனால் மெடுல்லாவை நரம்பு மண்டலத்தின் ஒரு துண்டு என்றே சொல்லலாம்.

ராத்திரி தெருநாய் துரத்தும்போது நெஞ்சு படபடக்கிறதே, அது மெடுல்லாவின் வேலை. மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி வந்ததும் நொடிகளில் அட்ரீனலினும் நார்அட்ரீனலினும் ரத்தத்தில் கலந்துவிடும்.

கார்டெக்ஸில் மூன்று அடுக்கு. மேலடுக்கு ஆல்டோஸ்டிரோன் சுரக்கிறது. சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றுவது இதன் ஆணைப்படி. நாள் ஒன்றுக்குச் சுரப்பது ஏறத்தாழ 0.1 மில்லிகிராம்தான். அந்தத் துளிதான் ரத்த அழுத்தத்தைத் தாங்குகிறது. அடியடுக்கில் ஆண் இயக்குநீர்களின் மூலப்பொருள் கொஞ்சம் சுரக்கிறது, பெண்களுக்கும்தான்.

நடு அடுக்கு கார்ட்டிசால். உங்கள் அம்மா விஷயம் இங்கேதான் இருக்கிறது. சாப்பிடாத நேரத்தில் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைப்பது, வீக்கத்தை அடக்குவது, நோய் வந்தால் உடலைத் தாங்கிப் பிடிப்பது எல்லாம் இது. இன்னொன்றும் இருக்கிறது. அட்ரீனலின் எவ்வளவு வந்தாலும், கார்ட்டிசால் போதுமான அளவு இல்லாவிட்டால் ரத்தக்குழாய்கள் அதன் பேச்சைச் சரியாகக் கேட்காது. உங்கள் அம்மாவுக்கு 80/50 வந்ததற்கு இது முக்கியக் காரணம். அந்த அட்ரீனலினைத் தயாரிக்கவே, கார்டெக்ஸிலிருந்து மெடுல்லாவுக்குள் வடிந்துவரும் கார்ட்டிசால் தேவை. சதை ஊட்டினால்தான் கொட்டைக்கு வேலை.

இனித் தூக்கம். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற செய்தியை அட்ரீனலுக்கு அனுப்புகிறது. கார்ட்டிசால் வருகிறது. வந்த கார்ட்டிசால் மூளைக்குப் போய், போதும் என்கிறது. பொடியில் வந்த ஸ்டீராய்டும் மூளைக்குக் கார்ட்டிசால் மாதிரியே தெரியும். எட்டு மாதம் மூளை 'போதும், போதும்' என்று மட்டுமே கேட்டிருக்கிறது. ஏசிடிஎச் நின்றுபோனது. அது வராவிட்டால் நடு அடுக்கு சுருங்கிவிடும். பொடி திடீரென்று நின்றபோது வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளிருந்தும் வரவில்லை.

திரும்ப ஏன் ஸ்டீராய்டு என்றால், ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது மருந்தாக வரும் கார்ட்டிசால்தான், இப்போது கொடுப்பது உடலுக்கு அன்றாடம் தேவையான அளவு. அதைக் கொடுத்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுரப்பியை எழுப்ப வேண்டும். பெரும்பாலானோருக்கு விழிக்கும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.


வில்லியனூர் வாசகன்
2024 டிசம்பர் 18

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு. இருந்தாலும் ஸ்டீராய்டு விஷம் என்பது ஊரறிந்த உண்மை. என் சித்தப்பாவுக்கு எலும்பு உளுத்துப்போனதும் கண்ணில் புரை விழுந்ததும் அதனால்தான். விஷத்தை விஷத்தால் இறக்குவதா? கார்ட்டிசால் என்றாலே மன அழுத்த ஹார்மோன், அதைக் குறைக்கத்தானே எல்லோரும் சொல்கிறார்கள்? இயற்கை உணவும் ஓய்வும் போதும் என்பது என் கருத்து.


முத்தியால்பேட்டைக்காரன், புதுச்சேரி
2024 டிசம்பர் 18

வாசகன் அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம். கார்ட்டிசால் இல்லாமல் மூன்று மாதம் எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இரண்டு அட்ரீனலும் போய்விட்டன. அடிசன் நோய். 1855ல் தாமஸ் அடிசன் என்ற லண்டன் டாக்டர் எழுதிவைத்தது. அவர் பார்த்த நோயாளிகளில் பலருக்குக் காசநோய்தான் சுரப்பியைத் தின்றிருந்தது. எனக்கும் அதுதான்.

எனக்கு வயது 41. மார்க்கெட்டில் மீன் ஏலம் எடுக்கும் வேலை. முதலில் சோர்வு. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். பத்து கிலோ இறங்கியது. உப்பு மேல் அப்படி ஓர் ஆசை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து சமையலறையில் நின்று ஊறுகாய் ஜாடியில் விரல் விட்டு அந்தத் தண்ணீரை நக்கிக்கொண்டிருப்பேன். கருவாட்டைக் கழுவாமல் வறுக்கச் சொல்வேன். அப்புறம் கறுத்தேன். வெயில் என்று நினைத்தேன். என் மனைவிதான் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். ரேகைகள் மட்டும் மையால் கோடு போட்டது போல இருந்தன. ஈறிலும் கறுப்புத் திட்டு. வெயில் ஈறில் அடிக்குமா?

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு நின்றபோது விழுந்தேன். வேர்வையில் போன உப்பை மீட்க என்னிடம் ஆல்டோஸ்டிரோன் இல்லை. சோடியம் 118, பொட்டாசியம் 6க்கு மேல். கோரிமேட்டில் ஜிப்மரில் சேர்த்தார்கள்.

இன்று காலை 10, மதியம் 5, சாயங்காலம் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், உப்புக்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் ஒன்று. ஏலத்துக்குப் போகிறேன், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறேன். இதை விஷம் என்று என்னிடம் யாரும் சொல்லிவிட முடியாது.


பெண்ணையாற்றங்கரை
2024 டிசம்பர் 18

அண்ணா, படித்து முடித்துக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை. ஒரு சந்தேகம். அம்மா கறுக்கவில்லை. அந்த உப்பு மாத்திரையும் கொடுக்கவில்லை. விட்டுவிட்டார்களோ?


பண்ருட்டி வாத்தியார்
2024 டிசம்பர் 18

விடவில்லை, சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். முத்தியால்பேட்டைத் தம்பிக்குச் சுரப்பியே அழிந்துவிட்டது. பிட்யூட்டரி விடாமல் ஏசிடிஎச்சை அனுப்பிக் கத்திக்கொண்டே இருக்கும். அது அதிகமானால் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டும், அதனால் கறுப்பு. உங்கள் அம்மாவுக்கு ஏசிடிஎச்சே குறைவு, ஆகவே கறுக்க வழியில்லை. ஆல்டோஸ்டிரோன் பெரும்பாலும் பிட்யூட்டரியின் பேச்சைக் கேட்டு நடப்பதில்லை. சிறுநீரகத்திலிருந்து கிளம்பும் ரெனின் வழியையும் பொட்டாசிய அளவையும் பார்த்துத்தான் சுரக்கும். அந்த மேலடுக்கு தூங்கவில்லை.


மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்
2024 டிசம்பர் 19

வாசகன் சார் சொன்ன எலும்பு உளுத்தல், கண்புரை இரண்டும் உண்மை. தேவைக்கு மேல், நீண்ட நாள் போனால் வரும். அதை மறுக்கவே முடியாது. அளவுதான் கணக்கு. 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன், 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மூன்றும் ஏறக்குறைய ஒரே வலு. உடல் ஒரு நாளைக்குத் தானாகச் சுரப்பது 10 முதல் 20 மில்லிகிராம் கார்ட்டிசால்தான். கண்ணுக்கே தெரியாத அளவு டெக்ஸாமெத்தசோன் பொடியில் கலந்தாலே ஒரு நாள் தேவை முடிந்துவிடும். நாளைக்கு மூன்று வேளை, எட்டு மாதம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

வலி உடனே விடுவதால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். 1948ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். அட்ரீனல் கார்டெக்ஸ் இயக்குநீர்களை ஆராய்ந்ததற்காக 1950ல் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. கொஞ்ச காலத்திலேயே பக்க விளைவுகளும் தெரியவந்துவிட்டன. இங்கே கவரில் கட்டித் தருபவர் முதல் பாதியை மட்டும் விற்கிறார். சித்த மருத்துவம் முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர்களை நான் சொல்லவில்லை. பெயரும் அளவும் எழுதாமல் கொடுப்பவர்களைச் சொல்கிறேன்.

இன்னொரு வயிற்றெரிச்சல். முகம் வெளுக்க வேண்டும் என்று டியூபில் வரும் ஸ்டீராய்டு கலவை க்ரீமைச் சீட்டில்லாமல் கேட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். தோல் மெலிந்து சிவந்து போவது ஒரு பக்கம். பெரிய பரப்பில், நெடுநாள் பூசினால் தோல் வழியாக உள்ளே போயும் அட்ரீனலை அடக்கும்.

தங்கச்சி, அம்மாவுக்கு இருமல் வந்தால் அதிமதுரம் அதிகம் கொடுக்க வேண்டாம். கார்ட்டிசாலைச் சிறுநீரகத்தில் செயலிழக்கச் செய்யும் நொதியை அது தடுக்கும். அப்போது கார்ட்டிசாலே ஆல்டோஸ்டிரோன் போல நடந்து, பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கும். பாட்டி வைத்தியத்தில் இருக்கிறதே என்று யோசிக்காமல் கொடுத்துவிடுவோம், அதனால் சொல்கிறேன்.


சிப்காட் இரவுப்பணி
2024 டிசம்பர் 20

அட்ரீனல் களைப்பு என்று சொல்லி ஒருவர் எனக்குச் சத்து மாத்திரை டப்பா கொடுத்தார். நான் வாரம் மாற்றி வாரம் இரவு ஷிஃப்ட். பகலில் தூக்கம் வராது, எப்போதும் அசதி. எனக்கும் சுரப்பி தூங்கிவிட்டதா?


மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்
2024 டிசம்பர் 20

அந்தப் பெயரில் ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதில்லை. அசதி பொய் என்று நான் சொல்லவில்லை, காரணம் வேறு. கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி, எழும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும். நடு இரவில் மிகக் குறைவு. ஷிஃப்ட் மாறியதும் அந்தக் கடிகாரம் உடனே மாறாது. உடம்பு தூங்கச் சொல்லும் நேரத்தில் நீங்கள் வால்வு திருகிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை பாருங்கள் தம்பி. டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள். அந்த வகைச் சத்து மாத்திரைகள் சிலவற்றிலேயே அட்ரீனல் சாறும் ஸ்டீராய்டும் இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.


ஓய்வுபெற்ற செவிலி, கடலூர் முதுநகர்
2024 டிசம்பர் 21

இத்தனை பேர் எழுதியும் முக்கியமானதை யாரும் எழுதவில்லையே, மகளே. வார்டில் நான் கண்ட ஆபத்தெல்லாம் காய்ச்சல் நாளில்தான்.

நல்ல சுரப்பி, காய்ச்சல் வந்தால் தானாகவே பல மடங்கு கார்ட்டிசால் சுரக்கும். அம்மாவின் சுரப்பியால் இப்போது முடியாது. ஆகவே நாம் கூட்ட வேண்டும். காய்ச்சல் 100.4க்கு மேல் போனால் மாத்திரையை இரட்டிப்பாக்கச் சொல்வார்கள், 102க்கு மேல் போனால் மும்மடங்கு. உங்கள் டாக்டரிடம் கேட்டு அம்மாவுக்கான அளவை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை விழுங்கி அரை மணிக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று கொடுங்கள். அதுவும் வெளியே வந்தால் வீட்டில் உட்காரக் கூடாது. 100 மில்லிகிராம் ஊசிதான். ஆட்டோவோ 108ஓ எது முதலில் கிடைக்கிறதோ அதில் கிளம்புங்கள். எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு ராத்திரி காத்திருந்து, காலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். நேரம் போய்விட்டிருந்தது. இன்னும் அந்த அம்மாவின் மஞ்சள் கயிறு கண்ணில் நிற்கிறது.

பல் பிடுங்கினாலும், ஆபரேஷன் என்றாலும், விழுந்து எலும்பு முறிந்தாலும் முதல் வார்த்தை 'ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்' என்பதாக இருக்கட்டும். அம்மா மயங்கிக் கிடந்தால் யார் சொல்வது? தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டை எழுதிச் சுருக்குப் பையில் வையுங்கள்.


முத்தியால்பேட்டைக்காரன்
2024 டிசம்பர் 21

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒன்று சேர்க்கிறேன். காசநோய் மாத்திரையில் ரிஃபாம்பிசின் உண்டு. அது கல்லீரலைத் தூண்டி ஹைட்ரோகார்ட்டிசோனைச் சீக்கிரம் அழித்துவிடும். எனக்கு அந்த மாதங்களில் அளவைக் கூட்டினார்கள். புதிதாக எந்த மாத்திரை எழுதினாலும் பழைய சீட்டைக் காட்டுங்கள்.


வில்லியனூர் வாசகன்
2024 டிசம்பர் 22

நேற்று ராத்திரி முழு இழையையும் இரண்டு முறை படித்தேன். தூக்கிப் போடு என்கிற அர்த்தத்தில் நான் எழுதியது தவறு. அந்தப் பெண்ணின் அம்மா அதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் மனது சரியில்லை. சித்தப்பாவுக்கு ஏழு வருடம் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஒரே சீட்டை வைத்து வாங்கிக் கொடுத்தோம். அந்தக் கோபத்தை இங்கே கொட்டிவிட்டேன். மன்னிக்கணும் தங்கச்சி.


பெண்ணையாற்றங்கரை
2025 ஏப்ரல் 9

எல்லோருக்கும் நன்றி சொல்லி, நடந்ததை எழுதலாம் என்று வந்தேன். வாசகன் அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். பக்கத்து வீட்டு அத்தைக்கு உங்கள் கடைசிப் பதிவைத்தான் வாசித்துக் காட்டினேன்.

அம்மாவின் முகம் வடிந்து பழைய முகம் வந்துவிட்டது. போன வருடம் கையெல்லாம் மெலிந்து வளையல் கழன்று விழும், முகம் மட்டும் உப்பிக்கொண்டே போகும். அத்தைமார்கள் தெம்பாக இருக்கிறாய் என்பார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது, பொய் சொல்ல விரும்பவில்லை. பிசியோதெரபி போகிறார், சில நாள் மாடி ஏற அழுகிறார்.

காலை எட்டு மணிக்கு, மாத்திரை போடும் முன் ரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் பார்த்தார்கள். டிசம்பரில் 1.9 இருந்தது. இப்போது 4.6. கொஞ்சம் அசைகிறது, இன்னும் எழவில்லை என்றார் டாக்டர். பிப்ரவரியில் காய்ச்சல் வந்தது. 101. செவிலி அம்மா சொன்னபடி டாக்டரிடம் வாங்கி வைத்திருந்த தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது, பார்த்து இரட்டிப்பாக்கினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, பழைய அளவுக்கு வந்தோம். ஒரு மயக்கமும் இல்லை.


பண்ருட்டி வாத்தியார்
2025 ஏப்ரல் 9

1.9லிருந்து 4.6 என்பது நல்ல செய்தி. பிட்யூட்டரிதான் முதலில் எழும், அட்ரீனல் கொஞ்சம் தாமதமாக எழும். அளவைக் குறைக்கும்போது உடம்பு வலி, எரிச்சல், அழுகை எல்லாம் வரும். அம்மாவைப் பிடிவாதக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், உடம்பு கேட்கிறது.


பெண்ணையாற்றங்கரை
2025 அக்டோபர் 20

10.8! இந்த முறை ரிப்போர்ட்டை நானே முதலில் பார்த்தேன். டாக்டர் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். ஆனால் ஒரு வருடத்துக்குக் காய்ச்சல், ஆபரேஷன் என்று வந்தால் தாங்குமா என்று சொல்ல முடியாதாம், அட்டை சுருக்குப் பையிலேயே இருக்கட்டும், மாத்திரையும் கையிருப்பில் இருக்கட்டும் என்றார்.

மழை ஆரம்பித்துவிட்டது. போன வருடம் தண்ணீர் ஏறியபோது பட்டாவும் ரேஷன் கார்டும் வைத்த டப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்த வருடம் அதே டப்பாவில் ஒரு மாத ஹைட்ரோகார்ட்டிசோன், ஒரு ஊசி மருந்துக் குப்பி, சிரிஞ்சு, டாக்டர் எழுதிய தாளின் நகல் எல்லாம் இருக்கின்றன. மூடியில் அம்மாவே பேனாவால் தன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்.